தராசு மேடமும் டீக்கடையில் வளர்ந்த ஆடுகளும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடியாகப் பிரகாசமாக எரிந்தது தராசு மேடத்தின் கோபம்தான். தீபம்கூடப் பதினோரு நாளில் அணைந்துவிடும். மேடத்துக்கு அந்த வழக்கம் கிடையாது. மூன்று வருஷம் அவரோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். அந்த மூன்று வருஷத்தில் அவர் கோபப்படாமல் இருந்த நேரத்தையெல்லாம் சேர்த்துக் கட்டினால் ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் தேறும். அதிலும் சாம்பாரில் உப்பு கம்மி என்று ஐந்து நிமிஷம் போய்விடும்.

மற்றவர்கள் மாமியார்மேல் கோபப்படுவார்கள். வண்டியை வாசலில் நிறுத்துகிற பக்கத்து வீட்டுக்காரன்மேல் கோபப்படுவார்கள். மேடம் கோபப்பட்டது வெள்ளாட்டுக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், வெள்ளாட்டின் எடைக்காக.

செங்கம் ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கிராமத்துப் பெண்களுக்கு ஆடு கொடுத்து வளர்க்கச் சொல்லும் தொண்டு நிறுவனம். பெயர் வேண்டாம். தலைமை அலுவலகம் சென்னையில். முதலில் ஆளுக்கு இரண்டு பெட்டை ஆடு. நன்றாக வளர்த்தால் அடுத்த வருஷம் இன்னும் மூன்று. எனக்கு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. மேடம் கால்நடைப் புள்ளியியல் படித்தவர். ஆடு எப்படி வளர்கிறது என்பதைக் கணக்குக்குள் கொண்டுவருவது அவர் வேலை. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் எப்போதும் ஒரு தொங்கு தராசு கட்டியிருக்கும். ஹெல்மெட்டை மறந்த நாள் உண்டு, தராசை மறந்த நாள் இல்லை. அவருடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஊர் முழுக்க அவர் தராசு மேடம்தான்.

நான் சேர்ந்த அன்றே ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஏம்பா, ஒரு குட்டி பொறந்து பெரிய ஆடாவற வரைக்கும் எப்டி வளரும், வரஞ்சி காட்டு."

நான் கீழிருந்து மேலே ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு போட்டேன்.

"நீ இப்டித்தான் வளந்தியா? இந்தக் கோட்டுல போனா அஞ்சாவது வருஷம் அந்த ஆடு யானை சைஸுக்கு வந்துடும். அத எங்க கட்டுவ?"

பிறகு அவரே வரைந்தார். முதலில் மெதுவாக, நடுவில் விறுவிறுவென்று, கடைசியில் சோர்ந்துபோய்ப் படுத்துக்கொள்ளும் ஒரு வளைகோடு. 'எஸ்' என்ற ஆங்கில எழுத்தைப் பிடித்து இழுத்துச் சாய்த்த மாதிரி இருந்தது. ஆடு கடைசியில் எவ்வளவு எடைக்கு வரும் என்பதற்கு ஓர் எழுத்து. எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கு ஓர் எழுத்து. எந்த வயதில் துள்ளிக் கிளம்பும் என்பதற்கு ஓர் எழுத்து. "ஒரு ஆட்டோட ஆயுசே இந்த மூணு எழுத்துக்குள்ள இருக்குதுப்பா" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஏதோ மலர்ந்த மாதிரி தெரிந்தது. உடனே நான் கொட்டாவி விட்டுத் தொலைத்தேன். போயிற்று.

அவரிடம் ஒரு பழக்கம். சாதாரணமாக என்னை 'ஏம்பா' என்பார். 'சார்' என்று கூப்பிட்டால் அன்று எனக்குக் கிரகம் சரியில்லை என்று அர்த்தம்.

உலகத்திலேயே அவர் அதிகம் வெறுத்த வார்த்தை 'குத்துமதிப்பு'. கீழே டீக்கடையில் ஒருநாள் மாஸ்டர், "சர்க்கரை குத்துமதிப்பா போட்டிருக்கறேன் மேடம்" என்று பாசமாகச் சொல்லிவிட்டார். அந்த டீயைக் குடிக்காமல் நின்று பத்து நிமிஷம் பேசினார் மேடம். அதற்கப்புறம் அவருக்கு மட்டும் மாஸ்டர் ஸ்பூனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, வழித்துவிட்டுத்தான் போடுவார்.

ஒருமுறை களப்பணிக்கு ஆள் குறைந்துபோய் என்னை அடி அண்ணாமலைக்கு அனுப்பினார்கள். நாற்பது குட்டிகளை எடைபோட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். நான் ஆபீஸ் ஆள். முதல் குட்டி என் சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டைத் தின்றது. இரண்டாவது முட்டியது. மூன்றாவது, தராசில் தொங்கிக்கொண்டே என் செருப்பின் மேல் தன் எடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டது. வெயிலோ மண்டையைப் பிளந்தது. கிரிவலப் பாதை ஓரமாக ஒரு டீக்கடை, அதில் ஃபேன். உட்கார்ந்தேன். மேடம் போட்ட வளைகோடு என் செல்போனில் இருந்தது. இந்த வயதுக்கு இந்த எடை என்று அதுவே சொல்லும்போது ஆட்டை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்? மீதி முப்பத்தேழு குட்டிகளும் அரை மணி நேரத்தில், ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் முடிவதற்குள், எடை போடப்பட்டன.

மறுநாள் காலை மேடம் என் மேஜைக்கு வந்தார்.

"வாங்க சார்."

நான் எழுந்து நின்றேன்.

"உங்க குட்டிங்க எல்லாம் என் கோட்டு மேலயே நிக்குது சார். மூணத் தவிர ஒண்ணுகூட அப்டி இப்டி விலகல."

"கோடு அவ்ளோ கரெக்ட் மேடம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நானும் வருஷக் கணக்கா எடை போடறேன். எந்த ஆடும் என் கோட்டுக்கு மரியாத குடுத்தது கெடையாது. ஒண்ணு மேல போவும், ஒண்ணு கீழ எறங்கும், ஒண்ணு கழிச்சல் வந்து ஒரு மாசம் அப்டியே நிக்கும். உங்க ஆடு மட்டும் இன்னா சார், குடியரசு தின அணிவகுப்புக்குப் போவுதா? அதுவும் எல்லா எடையும் அரைக் கிலோவுல முடியுது, இல்லன்னா முழு கிலோவுல முடியுது. எழுநூறு கிராம்னு ஒரு ஆடாவது இருக்க வேணாம்? முதல் மூணுதான் சார் ஆடு. பாக்கி முப்பத்தேழும் டீக்கடையில வளந்த ஆடு."

"டீக்கடைன்னு எப்டி மேடம்..."

"பேப்பர்ல பஜ்ஜி எண்ணெ இருக்குது சார்!"

தண்டனையாக அன்றே அவரோடு போய் நாற்பதையும் மறுபடி எடைபோட்டேன். அன்று பௌர்ணமிக்கு மறுநாள். தூக்கிப் பார்த்தால் எல்லாக் குட்டியும் கோட்டை விட்டு ஏறக்குறைய ஒரு கிலோ மேலே நிற்கிறது. மேடத்துக்கு முதலில் தராசின்மேல் கோபம். அஞ்சு கிலோ இரும்புப் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தார். அச்சாக அஞ்சு காட்டியது. பிறகு என்மேல் கோபம். "நீ தூக்கறச்ச கைய வச்சி அமுக்கறியா?" நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே வைத்துக்கொண்டேன். அப்போதும் அதே எடை.

விஷயம் அடுத்த பௌர்ணமியன்று சாயங்காலம்தான் தெரிந்தது. லட்சக்கணக்கில் ஜனம் மலையைச் சுற்றுகிறது. வழி நெடுகத் தொன்னையில் சாம்பார் சாதம், பொங்கல், தயிர் சாதம். பக்தர்கள் பாதி தின்றுவிட்டு வீசிய தொன்னைகளுக்கு முன்னால் எங்கள் திட்டத்து ஆடுகள் வரிசையாக நின்று பிரசாதம் எடுத்துக்கொண்டிருந்தன. மேடம் நேராக அன்னதானக்காரரிடம் போனார்.

"ஏங்க, ஒரு ஆட்டுக்குச் சராசரியா எத்தன தொன்ன போவும்?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லைன்ல வாங்கம்மா."

"நான் சாப்பிட வரலீங்க!"

"எல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க. லைன்ல வாங்க."

மேடம் பற்களைக் கடித்துக்கொண்டு லைனில் நின்றார். பொங்கலை வாங்கினார். தொன்னையோடு தராசில் தொங்கவிட்டு எடை குறித்துக்கொண்டு எனக்குக் கொடுத்தார். "இது வளர்ச்சி இல்லப்பா, வயிறு" என்றார். அந்த மாதத்திலிருந்து அவருடைய கணக்கில் பௌர்ணமிக்கென்று நாலாவதாக ஓர் எழுத்து சேர்ந்தது. உலகத்தில் வேறு எந்த ஊர் ஆட்டுக்கும் அந்த எழுத்து இருக்காது.

இதுவரை சொன்னது சிரிப்பு. இனிமேல் சொல்லப்போவதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சுடுகிறது.

மேடத்தின் வளைகோடு தயாரானதும் தலைமை அலுவலகம் அதை வாங்கிக்கொண்டது. பாராட்டி ஒரு மின்னஞ்சல்கூட வந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னொன்று வந்தது. ஒரு பெண்ணின் குட்டிகள் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் பராமரிப்பு மோசம், அவருக்கு அடுத்த மூன்று ஆடுகள் கிடையாது, பெயர் நீக்கப்படும். பட்டியல் இணைப்பில். திறந்து பார்த்தால் திட்டத்தில் இருந்த பெண்களில் சரிபாதி அதில் இருந்தார்கள்.

மேடம் பட்டியலைப் படித்தார். நான் கூரை பறக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் சத்தமே போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் போட்டது சராசரிக் கோடுப்பா. சராசரின்னா பாதி மேல, பாதி கீழ இருக்கத்தான செய்யும்? எல்லா ஆடும் தங்கத் தட்டுல தின்னாலும் பாதி கீழதான் இருக்கும். இது தெரியாதவன் எவன்யா அங்க உக்காந்துனு இருக்கறான்?" பிறகு மெதுவாக, "நான் கோடு போட்டேன். அத வேலி ஆக்கிட்டாங்க" என்றார்.

பட்டியலில் நாலாவது பெயர் செல்வி.

செல்வி அடி அண்ணாமலைக்காரி. முப்பது வயது. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. அவள் கைக்கு வந்த இரண்டு ஆடும் இரட்டைக் குட்டி போட்டன. தாயிடம் இரண்டு குட்டிக்கும் பால் போதாது. வலுத்த குட்டியைப் பிடித்துக்கொண்டு நோஞ்சான் குட்டிக்கு முதலில் ஊட்டுவாள், பிறகு மாற்றி விடுவாள். தினம் மூன்று வேளை. நாலு குட்டியில் ஒன்றுகூடச் சாகவில்லை. இரட்டைக் குட்டி தனிக் குட்டியைவிட எடை குறைவாகத்தான் இருக்கும். இரண்டையும் கூட்டினால் தனிக் குட்டிக்காரியைவிட அவள்தான் ஜாஸ்தி வளர்த்திருக்கிறாள். ஆனால் கோடு குட்டியைத் தனித்தனியாகத்தானே பார்க்கும்? நாலும் கீழே. பராமரிப்பு மோசம்.

அந்த வாரம் எடைபோடப் போனபோது செல்வி எங்களை வாசலிலேயே நிறுத்தினாள்.

"நான் சரியா வளக்கலயாம் மேடம். எங்க மாமியா தெருவெல்லாம் சொல்லினு கீது. நீங்க போட்ட கோடாமே?"

எல்லோருக்கும் பதில் வைத்திருக்கும் மேடம் தராசைக் கையில் பிடித்தபடி நின்றார். "ஆமா செல்வி. என் கோடுதான்" என்றார்.

இங்கே என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். மேடம் தயாரித்த படிவத்தில் 'தனியா, இரட்டையா' என்று ஒரு கட்டம் இருந்தது. தலைமை அலுவலகத்தின் செல்போன் செயலியில் அதற்கு இடமில்லை. "எடுத்துடுங்க, எதுக்கு அது?" என்று அங்கிருந்து ஒருவர் போனில் சொன்னார். எடுத்துவிட்டேன். மேடத்திடம் சொல்லவில்லை. சொன்னால் 'சார்' என்பாரே என்ற பயம்.

சென்னையிலிருந்து டைரக்டர் ஆய்வுக் கூட்டத்துக்கு வந்தார். அடி அண்ணாமலையில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் டைரக்டர், அவருடைய ஆட்கள் நாலு பேர், எங்கள் ஆபீஸ் மேனேஜர் என்று ஆறு நாற்காலி. கீழே பாயில் பெண்கள். செல்வி நடுவரிசையில். டைரக்டர் ஒல்லியான, மரியாதையான மனிதர். "எண்கள் பொய் சொல்லாது. நாங்க எண்களைத்தான் பாக்கறோம்" என்று அழகாகப் பேசினார்.

மேடம் கையைத் தூக்கினார். "ஐயா, தராசு சரியா கீதான்னு ஜனங்களுக்குச் சந்தேகம். நீங்களே ஒருவாட்டி ஏறிக் காட்டினா தீந்துடும்."

பெரிய ஆடுகளை எடைபோட எங்களிடம் கம்பிக் கூண்டு வைத்த மேடைத் தராசு ஒன்று இருந்தது, அன்று மண்டபத்துக்கும் வந்திருந்தது. டைரக்டர் சிரித்துக்கொண்டே கூண்டுக்குள் போனார். பெண்கள் கை தட்டினார்கள். தலைவரே போய்விட்ட பிறகு மற்றவர்கள் எப்படி மாட்டேன் என்பது? ஒவ்வொருவராகக் கூண்டுக்குள் போய், பெருமிதத்தோடு வெளியே வந்தார்கள். எங்கள் மேனேஜர் மட்டும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடிந்தது. எடைகளைப் பலகையில் நான் எழுதினேன். தொண்ணூற்றிரண்டு, எண்பத்து நாலு, எழுபத்தொன்பது, அறுபத்தாறு, அறுபத்தொன்று, ஐம்பத்தெட்டு.

மேடம் கூட்டினார், ஆறால் வகுத்தார், நடுவில் ஒரு கோடு கிழித்தார்.

"சராசரி எழுபத்து மூணு. மூணு பேரு மேல, மூணு பேரு கீழ. டைரக்டர் ஐயா, நீங்க அறுபத்தொண்ணு. கோட்டுக்குக் கீழ. பராமரிப்பு மோசம்." பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தாள். "உங்கள வளத்த அம்மா பேர திட்டத்துலருந்து எடுத்துடலாங்களா?"

மண்டபம் அதிர்ந்தது. டைரக்டரின் முகம் சிவந்தது. "இது என்ன விளையாட்டு மேடம்? மனுஷனும் ஆடும் ஒண்ணா?"

"இல்லீங்க. மனுஷனுக்கு நாக்கு கீது, எதித்து கேட்டுடுவான். அதான் ஆட்ட வச்சி இந்தப் பொம்பளைங்கள அடிக்கறீங்க." மேடம் நடுவரிசையில் இருந்த செல்வியைக் கைகாட்டினார். "அந்தப் பொண்ணு நாலு இரட்டைக் குட்டிய சாவாம காப்பாத்தினு வந்திருக்குது. அவ பேருக்குப் பக்கத்துல மோசம்னு எழுத உங்களுக்குக் கை எப்டி வந்துது?"

"இரட்டைன்னு எங்க பதிவு இருக்கு? எங்ககிட்ட அப்படி எந்தத் தகவலும் இல்லையே" என்றார் டைரக்டர்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். சாக்பீஸோடு நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். எங்கள் மேனேஜர் கண்ணால் 'வேண்டாம்' என்றார். என் மேலதிகாரி. என் வேலை அவர் கையில்.

"கட்டம் இருந்தது ஐயா" என்றேன். "எடுத்தது நான்தான். உங்க ஆபீஸ்ல எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். ஏன்னு கேக்கல. கேட்டிருக்கணும்." எனக்கும் இப்படிக் கத்த வரும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். "மூணு வருஷமா ஒவ்வொரு குட்டியும் தனியா இரட்டையான்னு மேடம் கைப்பட எழுதின நோட்டு இருக்குது. பாருங்க ஐயா. இப்பவே பாருங்க!"

அப்போது செல்வி பாயிலிருந்து எழுந்தாள். அவள் கேலி செய்யவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

"ஐயா, நீங்க இரட்டையா பொறந்தீங்களா?"

டைரக்டர் நோட்டை வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நீக்கிய பெயர்களெல்லாம் மறுபடி சேர்க்கப்பட்டன. செயலியில் இரட்டைக்கு ஒரு கட்டம் வந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எடை போடக் கூடாது என்று உத்தரவு. எல்லாமே 'தலைமை அலுவலகத்தின் தொடர் சிந்தனையின் விளைவு' என்று எழுதியிருந்தது. தொடர் சிந்தனையாம்! மேடத்தின் பெயர் எங்கேயும் இல்லை. அடுத்த மாதம் வந்த கடிதத்தில் அவர் பெயர் இருந்தது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்று ஒரே வரி. ஊருக்கே சராசரி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தவரை ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கத்திய என்னை ஒன்றும் செய்யவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டுமே. எனக்கு அதிலும் கோபம்தான்.

மேடத்துக்கு வேறொரு மாவட்டத்தில் மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்தது. பசு கன்று போட்ட நாளிலிருந்து பால் எப்படி ஏறி எப்படி இறங்குகிறது என்று அங்கே கோடு போட வேண்டுமாம். "ஆடாவது பரவால்லப்பா. பால்ல தண்ணி ஊத்தறவன எந்த எழுத்துல சேக்கறது?" என்று போகும் முன்பே கோபத்தை ஆரம்பித்துவிட்டார்.

யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஒரு மதியம் கிளம்பினார். நான் மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பெட்டியை மேலே வைத்தேன். கண்டக்டரோடு ஒரு சண்டை முடிந்து, மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, இடுப்பில் சேலையைச் செருகியபடி செல்வி ஓடிவந்தாள். எப்படித் தெரிந்ததோ. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு ஆரம்பித்தாள்.

"போறேன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா நீங்க? சொன்னீங்களா? ஊர்ல எல்லாரையும் கேக்கறீங்க, கணக்கு கேக்கறீங்க, ஏன் எளச்சிதுன்னு கேக்கறீங்க. உங்கள யாரு கேக்கறது? நீங்க பாட்டுக்குப் பொட்டிய தூக்கினு கெளம்பிட்டா ஆச்சா? சாப்டீங்களா மொதல்ல?"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். பதில் வரும், ஊரே கேட்கிற மாதிரி வரும் என்று காத்திருந்தேன். பஸ் கிளம்பி வளைவில் திரும்புகிறவரை செல்வி கூடவே நடந்து திட்டிக்கொண்டே போனாள். மேடம் கம்பியின்மேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே போனார்.

நானும் கூட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.